பிளாக்பூலுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

மான்செஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு போகிறீர்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் மீதி இருக்கிறது. மகள் வடமேற்குக் கடற்கரை ஊரான பிளாக்பூல் போகலாம் என்கிறாள். உறவினர் ஒருவரோ, "அது வாழ்ந்து கெட்ட ஊர், ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய குட்டிக் கோபுரத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார். அந்த ஊரின் வரலாறு என்ன, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு காலத்தில் வட இங்கிலாந்தே திரண்டுபோன ஊரைப் பற்றி இன்று ஏன் இப்படிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அது.

நான் படித்தது பொருளாதார வரலாறு. பிளாக்பூலை உள்ளடக்கிய லங்காஷயர் பகுதியில் பல வருடங்களாக வசிக்கிறேன், அந்தப் பகுதியின் பஞ்சாலை ஊர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பிளாக்பூலுக்குக் கூட்டிப் போவேன். என் பதில், கட்டாயம் போங்கள் என்பதுதான். ஆனால் அழகான கடலைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஐரிஷ் கடல் அங்கே பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும், காற்று முகத்தில் அறையும், மழை சொல்லாமல் வரும். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் கூலியில் மிச்சம்பிடித்த காசால் எழுந்த ஊர் அது. அந்தக் காசு எதையெல்லாம் கட்டியது என்று பார்க்கப் போனால் ஒரு நாள் போதாது.

இங்கிலாந்தின் பழைய கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கு ஏதாவது ஒரு முன்பெருமை உண்டு. ஸ்கார்பரோவில் பதினேழாம் நூற்றாண்டிலேயே மருந்து நீரூற்று என்று பெயர்பெற்ற ஒன்று இருந்தது. பிரைட்டனுக்கு ஓர் இளவரசர் வந்து மாளிகை கட்டிக்கொண்டார். பிளாக்பூலுக்கு இப்படி எதுவும் வாய்க்கவில்லை. வளைகுடா இல்லை, துறைமுகம் இல்லை, கோட்டை இல்லை. நேராக ஓடும் கரையும் மணலும்தான். கடலில் குளித்தால் நோய் தீரும் என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் சிலர் இங்கேயும் வந்தார்கள். 1781இல் நிலச்சுவான்தார்கள் இருவர் சேர்ந்து ஒரு தனிச்சாலை போட்டார்கள், மான்செஸ்டரிலிருந்து குதிரை வண்டிகள் வரத் தொடங்கின. அப்படியும் 1801 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே ஐந்நூறு பேர்கூட இல்லை.

1846இல் ரயில் கிளைப்பாதை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள 'வேக்ஸ் வாரம்' என்ற வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் அது ஒவ்வொரு ஊரிலும் நடந்த மாதாகோவில் திருவிழா. ஆலைகள் வந்த பிறகும் தொழிலாளிகள் அந்த நாட்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஆளில்லாமல் பாதி இயந்திரங்களை ஓட்டுவதைவிட ஆலையையே மூடிவிட்டு கொதிகலனைப் பழுதுபார்ப்பது மேல் என்று முதலாளிகளும் முடிவுக்கு வந்தார்கள். ஓல்டம், போல்டன், பர்ன்லி, பிளாக்பர்ன் என்று ஒவ்வோர் ஊரும் கோடையில் ஒவ்வொரு வாரம் மொத்தமாக மூடிக்கொள்ளும். புகைபோக்கிகளில் புகை நின்றுவிடும். தெருவோடு தெருவாக மக்கள் ரயிலேறுவார்கள். ஒரே தெருக்காரர்கள் பிளாக்பூலிலும் பக்கத்துப் பக்கத்து விடுதிகளில் தங்குவார்கள். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. அதற்காக வருடம் முழுக்க வாராவாரம் சிறு தொகை கட்டி, விடுமுறைக்கு முன் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சேமிப்புச் சங்கங்கள் வைத்திருந்தார்கள், நம் ஊர்த் தீபாவளிச் சீட்டு மாதிரி. சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது. அதற்கு முன்பே இந்த மக்கள் சொந்தக் காசில் கடற்கரை விடுமுறையைப் பழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். லங்காஷயர் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இதுதான்.

சரி, அவ்வளவு பேரும் ஏன் பிளாக்பூலுக்குப் போனார்கள்? பக்கத்திலேயே லிதம் இருக்கிறது, சவுத்போர்ட் இருக்கிறது. இதற்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணம் நில உடைமை. அந்த ஊர்களில் நிலம் பெரிய ஜமீன் குடும்பங்களின் கையில் இருந்தது. அகலமான தெரு, பெரிய வீடு, அமைதியான சூழல் என்று அவர்கள் திட்டமிட்டார்கள், எளியவர்களுக்கு அங்கே இடமில்லை. பிளாக்பூலின் நடுப்பகுதி நிலமோ பலர் கையில் துண்டு துண்டாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் நாலு சென்ட் வாங்கி நெருக்கமாக வீடு கட்டி அறை வாடகைக்கு விடலாம். அப்படித்தான் விடுதி நடத்தும் வீட்டுக்காரம்மாக்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். அவர்களில் பலர் அதே ஆலை ஊர்களிலிருந்து சேமிப்போடு வந்து குடியேறிய பெண்கள். ஆரம்ப காலத்தில் தங்க வருபவர்கள் மளிகையைத் தாங்களே வாங்கிக் கொடுப்பார்கள், வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். உப்பு, மிளகு வைத்த சிறு தட்டுக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள் என்பது வாய்வழியாகப் பரவிய பேச்சு. அது எவ்வளவு பரவலான வழக்கம் என்பது உறுதியில்லாததால் அதை வைத்து அவர்களைக் கஞ்சர்கள் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

இரண்டாவது காரணம் நகராட்சி. விடுதிக்காரர்களும் மதுக்கடைக்காரர்களும் கட்டடம் கட்டுபவர்களுமே அதில் உறுப்பினர்கள். ஊருக்குக் கூட்டம் வந்தால்தான் தங்களுக்குப் பிழைப்பு என்று தெரிந்தவர்கள். 1879இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வாங்கி, உள்ளூர் வரியில் ஒரு பகுதியை ஊரை விளம்பரப்படுத்தச் செலவிடும் உரிமையைப் பெற்றார்கள். அந்தக் காலத்தில் வேறு ஊர்களுக்குக் கிடைக்காத உரிமை அது. அதே 1879 செப்டம்பரில் கடலோர நடைபாதையில் எட்டு மின்வில் விளக்குகளை (கரித்தண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிவிடுபவை) ஏற்றி, 'செயற்கைச் சூரிய ஒளி' என்று பறைசாற்றினார்கள். எடிசன் தன் குமிழ் விளக்கைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பே நடந்தது இது. 1885இல் மின்சார டிராம் ஓடியது. உலகின் முதல் மின்சார டிராம் என்று சில விளம்பரத் தாள்களில் படிப்பீர்கள், அது சரியல்ல. பெர்லின் அருகே 1881இலேயே ஓடிவிட்டது. பிரிட்டனில் பொதுத்தெருவில் ஓடிய முதல் மின்சார டிராம் என்பதுதான் சரி. அதைவிடப் பெரிய செய்தி, மற்ற நகரங்கள் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போட்ட பிறகும் பிளாக்பூல் அதை விடவில்லை என்பது. 1962இல் கிளாஸ்கோவும் நிறுத்திய பிறகு, 1992இல் மான்செஸ்டரில் புது டிராம் வரும்வரை, பிரிட்டனில் நகரத் தெருவில் மின்சார டிராம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரே ஊர் இதுதான்.

இப்போது கோபுரத்துக்கு வருகிறேன். 1889 பாரிஸ் கண்காட்சியில் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் என்ற நகரத் தலைவரின் முயற்சி அது. 1891இல் அடிக்கல் நாட்டி 1894 மே மாதம் திறந்தார்கள். உயரம் 158 மீட்டர், ஈஃபிலில் ஏறத்தாழப் பாதி. உங்கள் உறவினர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியும். பாரிஸில் நான்கு கால்களும் வெட்டவெளியில் நிற்கின்றன. பிளாக்பூலில் அந்தக் கால்களைச் சுற்றி ஒரு பெரிய செங்கல் கட்டடம். மழை பெய்தால் கடற்கரைக்கு வந்தவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்காகத்தான் உள்ளே சர்க்கஸ், நடன அரங்கம், மீன் காட்சியகம், விலங்குக் கூடம் எல்லாவற்றையும் வைத்தார்கள். உள்ளே நுழைய ஆறு பென்ஸ், மேலே ஏற இன்னோர் ஆறு பென்ஸ், சர்க்கஸுக்கு ஆறு பென்ஸ். கோபுரம் தூரத்திலிருந்து ஆளை இழுக்கும் அடையாளம், வருமானம் அதன் காலடியில். ஈஃபிலைப் பார்த்துச் செய்தார்கள் என்பது சரிதான், ஆனால் செய்த காரியம் முற்றிலும் வேறு.

சர்க்கஸ் வளையம் கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் கோபுரத்தின் எஃகு வளைவுகள் அலங்காரத்துக்குள் புகுந்து நிற்பது தெரியும். ஆட்டத்தின் கடைசியில் தரை கீழே இறங்கி வளையம் முழுக்கத் தண்ணீர் நிரம்பும், ஏறத்தாழ 1,90,000 லிட்டர். 1894இல் செய்த ஏற்பாடு இன்றைக்கும் வேலை செய்கிறது. விலங்குகளை வைத்து நடத்துவதை 1990இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது மனிதர்களின் வித்தைகள் மட்டும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் சரியாக வண்ணம் பூசாமல் விட்டதில் உப்புக்காற்று எஃகை அரித்துவிட்டது. 1921 முதல் 1924 வரை எஃகு உறுப்புகளைப் பகுதி பகுதியாகப் புதிதாக மாற்றினார்கள்.

நடன அரங்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நாடக அரங்குகள் கட்டுவதில் அந்தக் காலத்தில் முதலிடத்தில் இருந்த பிராங்க் மாட்சம் வடிவமைத்து 1899இல் திறந்தது. தங்கப்பூச்சு, சித்திர விதானம், சரவிளக்குகள், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த தரை. இத்தனையும் கனவான்களுக்காகச் செய்யப்படவில்லை. பஞ்சுத்தூசி மூச்சில் ஏறும் கூடத்தில் வாரம் முழுவதும் நின்ற நெசவுப் பெண்ணும் நூற்புக்காரரும் சில பென்ஸ் கொடுத்து உள்ளே வந்து ஆடுவதற்காக. அரண்மனைக்கு உரிய வேலைப்பாட்டை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நகரம் நினைத்தது. 1956இல் தீப்பிடித்து அரங்கம் பாழானபோது புதுமோஸ்தரில் எதையாவது கட்டிவிட்டுப் போகாமல், பழையபடியே சீரமைத்து 1958இல் திறந்தார்கள். மேடையில் தரைக்கடியிலிருந்து எழுந்துவரும் வுர்லிட்சர் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியை 1930 முதல் 1970 வரை வாசித்தவர் ரெஜினால்ட் டிக்சன், வானொலியால் நாடு முழுக்கத் தெரிந்தவர். இப்போதும் பகலில் ஆர்கன் இசைக்கு வயதான தம்பதிகள் ஆடுவதை, தேநீர் வாங்கி மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆடத் தெரியாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள், அவருக்கு ஏற்ற இடம் இதுதான்.

மூன்று பியர்கள், அதாவது கடலுக்குள் நீளும் இரும்புக்கால் மேடைகள் இருக்கின்றன. வடக்கு பியர் 1863இல் யூஜீனியஸ் பெர்ச் என்ற பொறியாளர் கட்டியது. அங்கே வசதியுள்ளவர்கள் உலவினார்கள். 1868இல் வந்த நடு பியரில் தொழிலாளிகள் திறந்தவெளியில் ஆடினார்கள். தெற்கு பியர் 1893. ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் வடக்கு. கோபுரத்தை ஒட்டிக் கடலோரச் சாலையில் 'கோல்டன் மைல்' என்று விளையாட்டு இயந்திரக் கூடங்கள் வரிசையாக நிற்கும், சத்தமும் வண்ணமுமாக. அதற்கும் ஒரு கதை உண்டு. 1897இல் கடற்கரை மணலில் கடை போட்டிருந்த சோசியக்காரர்கள், மருந்து விற்பவர்கள், வித்தைக்காரர்களை நகராட்சி விரட்டியது. அவர்கள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்க வீடுகளின் முற்றங்களை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. தெற்குக் கோடியில் 1896இல் தொடங்கிய பிளெஷர் பீச் கேளிக்கைப் பூங்கா. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் வடிவமைத்த பறக்கும் ராட்டினம் 1904 முதல் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. 1923இன் மரத்தாலான பிக் டிப்பர், 1994இல் திறந்தபோது உலகிலேயே உயரமாக இருந்த பிக் ஒன் ரோலர் கோஸ்டர் இரண்டும் அங்கேதான். மகள் வேண்டுமானால் போகட்டும். ஒரே நாளில் பூங்காவையும் கோபுரத்தையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சந்தை கைவிட்டுப் போகத் தொடங்கியதும் லங்காஷயர் பஞ்சாலைகள் சரிந்தன. ஆனால் அதே இருபது, முப்பதுகளில் பிளாக்பூல் உச்சத்தில் இருந்தது. மத்திய இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் மக்கள் வரத் தொடங்கியதே காரணம். ஆண்டுக்கு 70 லட்சம் பேர் என்று அடிக்கடி எழுதுவார்கள். அது ஒரு மதிப்பீடுதான், ஆனால் பெருங்கூட்டம் என்பதில் சந்தேகமில்லை. மத்திய ரயில் நிலையத்தில் மட்டும் பதினான்கு நடைமேடைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இங்கேதான் அடிப்படைப் பயிற்சி பெற்றார்கள், அதே விடுதிகளில் தங்கி. ஹிட்லர் இந்த ஊரைத் தனக்குப் பிடித்துப்போய் குண்டுபோடாமல் விட்டார் என்று உள்ளூரில் சொல்வார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கும் குண்டுகள் விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன.

வீழ்ச்சிக்கு ஸ்பெயினுக்கு மலிவு விமானம் வந்ததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது ஒரு பகுதி மட்டுமே. ஆலைகளே மூடிய பிறகு வேக்ஸ் வாரம் ஏது? கார் வந்ததும் ஒரு வாரம் தங்குபவர்கள் ஒரு பகல் வந்து திரும்பினார்கள். மத்திய ரயில் நிலையத்தை 1964இல் மூடிவிட்டார்கள். காலியான விடுதிகள் ஒற்றை அறைக் குடியிருப்புகளாக மாறின. வேலையில்லாதவர்களும் நோயாளிகளும் குறைந்த வாடகைக்காக அங்கே வந்து சேர்ந்தார்கள். 2019 அரசுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தின் மிக வறிய பத்துக் குடியிருப்புப் பகுதிகளில் எட்டு பிளாக்பூலில் இருந்தன. ஆண்களின் சராசரி ஆயுளும் நாட்டிலேயே அடிமட்டத்தில் இருக்கிறது. நடைபாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் பலகை அடித்த சன்னல்களைப் பார்ப்பீர்கள். உங்கள் உறவினர் பார்த்தது இதைத்தான், அது உண்மைதான். எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்து எடைபோடுவதில் எங்கள் துறையிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் "ஒன்றுமில்லாத ஊர்" என்பதை ஏற்க மாட்டேன். கோபுரத்தையும் விண்டர் கார்டன்ஸ் என்ற கேளிக்கை அரங்கத் தொகுதியையும் நகராட்சி 2010இல் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து வருகிறது. 1878இல் திறந்த அந்த விண்டர் கார்டன்ஸின் எம்ப்ரஸ் அரங்கில் உலகின் தலைசிறந்த பால்ரூம் எனப்படும் ஜோடி நடனக்காரர்கள் ஆண்டுதோறும் போட்டிக்கு வருகிறார்கள். இந்தக் கேளிக்கை வரலாற்றுக்கென்றே 'ஷோடவுன்' என்ற அருங்காட்சியகத்தை 2024இல் திறந்திருக்கிறார்கள்.

உங்கள் நாளை நான் இப்படி அமைப்பேன். மான்செஸ்டரிலிருந்து பிளாக்பூல் நார்த் நிலையத்துக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். நிலையத்து வாசல் வரை 2024 முதல் டிராம் வருகிறது, அதிக நடை வேண்டாம். முதல் வேலையாக அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பாருங்கள். ஏற்றத்தில் தண்ணீர் சுவர்வரை வந்துவிடும், மணலே இருக்காது. இறக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். கழுதைச் சவாரி பார்க்க ஆசை என்றால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று கழுதைகளுக்கு விடுமுறை என்று நகராட்சி விதியே இருக்கிறது. காலையில் ஷோடவுன், மதியம் கோபுரமும் நடன அரங்கமும், மாலையில் வடக்கு பியர். மீனும் சிப்ஸும் சாப்பிடலாம். ஆனால் நீங்கள் சைவம் என்றால், வட இங்கிலாந்தில் பல கடைகள் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு, தாவர எண்ணெய்தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கிப் போக 'ராக்' என்ற குச்சிமிட்டாய். அதை எங்கே கடித்தாலும் நடுவில் ஊர்ப்பெயர் இருக்கும். நிறப் பாகுப் பட்டைகளால் எழுத்துகளைப் பெரிதாகக் கையால் கட்டி, தடித்த உருளையாகச் சுற்றி, சூடு ஆறுவதற்குள் விரல் தடிமனுக்கு இழுத்துவிடுகிறார்கள். தயாரிப்பதை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

செப்டம்பர் கடைசி என்பது உங்கள் அதிர்ஷ்டம். 1912இல் ஓர் இளவரசியின் வருகைக்காகப் பத்தாயிரம் விளக்குகளால் நடைபாதையை அலங்கரித்ததிலிருந்து தொடங்கிய ஒளிவிழா அப்போது நடந்துகொண்டிருக்கும். கோடை முடிந்தும் கூட்டம் வரட்டும் என்று பருவத்தை நீட்டிக்கச் செய்த ஏற்பாடு. கிட்டத்தட்ட ஆறு மைல் நீளத்துக்கு, ஸ்டார் கேட் முதல் பிஸ்பம் வரை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள். அந்த மாதத்தில் ஏழு மணி வாக்கில் இருட்டும். நடக்காமல், டிராமில் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போங்கள். வார இறுதியில் சாலை நெரிசலில் டிராமும் மெதுவாகத்தான் போகும், கூட்டமும் அதிகம், அதனால் வாரநாள் நல்லது. விளக்கு ஏற்றும் நேரம், கட்டணங்கள், மான்செஸ்டருக்குக் கடைசி ரயில் எல்லாம் மாறக்கூடியவை, முந்தைய நாள் மகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். காது மூடும் தொப்பியும் காற்றுத் தாங்கும் மேல்சட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். குடை அங்கே நிற்காது.